கருத்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

இருட்டில் எடுத்த எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். வானம் கெட்டிருக்கும், சுவர் கெட்டிருக்கும். அதையெல்லாம் யாரும் கண்டுகொள்வதில்லை. கன்னத்தில், கழுத்தில், கண்ணோரத்தில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் மொய்த்திருந்தால்தான் 'படம் சரியில்ல' என்கிறோம். கேமரா பிடிப்பவர்கள் இதை நாய்ஸ் என்பார்கள். தமிழில் இரைச்சல். சத்தமே வராத ஒரு விஷயத்துக்கு இந்தப் பெயர் வந்தது ரேடியோ, டெலிபோன் ஆட்களால். கம்பியில் பேச்சோடு சேர்ந்து வந்த கரகரப்பை அளக்க வைத்திருந்த கணக்கை, பிறகு ஒளிக்கும் எடுத்துக்கொண்டார்கள். பெயரும் கூடவே வந்துவிட்டது.

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்திலோ பிரிக்பீல்ட்ஸில் ஒரு தீபாவளி இரவிலோ பத்துப் பேர் வரிசையாக நிற்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் நம் வீட்டுப் படங்களில் எல்லா நிறமும் இருக்கும். மாப்பிள்ளையோடு வேலை செய்யும் சீன நண்பன், மலாய்த் தோழி, மாநிறத்தில் அத்தை, நல்ல கருப்பில் சித்தப்பா. இரைச்சல் இவர்கள்மேல் சமமாக விழுவதில்லை. சித்தப்பா மேல்தான் அதிகம் விழும். அது ஏன் என்பது இயற்பியல். அதற்கு நாம் செய்துகொண்டிருக்கும் வைத்தியம் இயற்பியல் இல்லை. இரண்டையும் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

*

முதலில் இயற்பியல். கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்கால மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

வாசலில் ஒரே அளவுள்ள காலி மைலோ டின்கள் சிலவற்றை வரிசையாக வையுங்கள். தூறல் தொடங்கிய சில நொடிகளில் எடுத்துவிட்டு, எதில் எத்தனைத் துளி விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றில் 7, ஒன்றில் 13, ஒன்றில் 10 என்று இருக்கும். எல்லா டின்னுக்கும் ஒரே வானம், ஒரே மழை. ஆனாலும் எண்ணிக்கை ஒத்துப்போகாது, ஏனென்றால் மழை துளித்துளியாக, இஷ்டப்படி விழுகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சராசரியாக 100 துளி விழுந்தால் வித்தியாசம் சுமார் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 துளி விழுந்தால் வித்தியாசம் சுமார் 100, அதாவது ஒரே ஒரு விழுக்காடு. சராசரியின் வர்க்கமூலம்தான் வித்தியாசம். மழை பலமாகப் பெய்தால் டின்கள் ஒன்றுபோலத் தெரியும். தூறலில்தான் ஒன்றுக்கொன்று முரண்படும்.

கேமராவின் சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு பிக்செலும் ஒரு டின். ஒளியும் துளியாகத்தான் வருகிறது, அதற்குப் பெயர் ஃபோட்டான். ஒரே நிறமாக இருக்க வேண்டிய கன்னத்தில் ஒரு பிக்செலுக்கு 80 துளியும் பக்கத்துப் பிக்செலுக்கு 110 துளியும் கிடைத்தால் அதுவே புள்ளி. எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து கேமரா வாங்கினாலும் இந்தப் பங்கைக் குறைக்க முடியாது. இது கேமராவின் கோளாறு இல்லை, ஒளியின் சுபாவம். இதற்கு மேல் கேமரா தன் பங்குக்குச் சேர்ப்பது எண்ணும்போது வரும் தவறு. ஆயிரக்கணக்கில் துளி இருந்தால் இரண்டு மூன்று எண்ணிக்கை பிசகுவது தெரியாது. பத்துத் துளிதான் இருக்கிறது என்றால் அதுவே பெரிய தவறு.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் இரைச்சல் வரும் என்று கேமரா கடையில் சொல்வார்கள். கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ டின்னின் வாயை அகலமாக்குவதில்லை. கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் குமிழைத் திருகுவது மாதிரிதான் அது. பாடுகிறவர் மெதுவாகப் பாடினால் பாட்டும் கூடும், மைக்கில் விழுந்த ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்து கூடும். நாம் ஐஎஸ்ஓவை ஏற்றுவது வெளிச்சம் போதாத இடத்தில். இரைச்சல் வந்தது அந்தப் போதாமையால். சில கேமராக்களில் ஐஎஸ்ஓவை ஏற்றுவது எண்ணும் தவறைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஆனால் விழாத துளியை அது கொண்டுவராது. துளியைக் கூட்ட மூன்றே வழி: லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறப்பது, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது, அந்த இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவது.

*

இப்போது சித்தப்பாவுக்கு வருவோம்.

அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த ஸோன் முறை இன்றும் வகுப்புகளில் சொல்லித் தரப்படுகிறது. முழுக் கருப்பு பூஜ்யம், முழு வெள்ளை பத்து, நடு சாம்பல் ஐந்து. ஒரு ஸோனிலிருந்து அடுத்ததற்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பு. வெள்ளைக்காரர் முகத்தை ஆறாவது ஸோனில் வை என்பது அந்த முறையின் பழைய பாடம். நம்மில் நல்ல கருப்பாக இருப்பவர்களின் முகம் அதே வெளிச்சத்தில் நான்காவது ஸோனில் வந்து உட்காரும். இரண்டு ஸோன் வித்தியாசம் என்றால் நான்கில் ஒரு பங்கு வெளிச்சம். வெளுத்த முகத்திலிருந்து ஒரு பிக்செலுக்கு 4,000 துளி வந்தால் சித்தப்பாவின் முகத்திலிருந்து 1,000 வரும். 4,000-இன் வர்க்கமூலம் 63, ஏற்ற இறக்கம் ஒன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். 1,000-இன் வர்க்கமூலம் 32, ஏற்ற இறக்கம் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒரே விளக்கு, ஒரே கேமரா, தோளோடு தோள் நிற்கும் இரண்டு பேர். ஒருவர் முகத்தில் இரண்டு மடங்கு இரைச்சல்.

இதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. கேமராவின் ஒளி அளப்பான் எதைப் பார்த்தாலும் அது நடு சாம்பல் என்றே நினைத்துக் கணக்குப் போடும். நம் சபையில் என்ன இருக்கிறது? வெள்ளை வேட்டி, சரிகை, நகை, திருநீறு, குத்துவிளக்குச் சுடர், மேடைக்குப் பின்னால் வரிசையாக விளக்கு. இத்தனை வெள்ளையையும் பார்த்த கேமரா 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் இறக்கிவிடும். வேட்டி சாம்பலாகும். ஏற்கனவே கீழே இருந்த முகம் இன்னும் ஒரு படி கீழே போகும். துளி இன்னும் பாதியாகும். இப்போதைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளப்பதால் இந்தக் குறை குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

இதற்கான மாற்று எளிமையானது. கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ரைக்மன் என்ற புகைப்படக்காரர் 2003-இல் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசியதிலிருந்து கிடைத்த யோசனை அது. கேமராவின் திரையில் மலைமுகடு போல ஒரு வரைபடம் வரும். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். வெள்ளைப் பகுதிகள் வெடித்துவிடாத எல்லை வரைக்கும் அந்த முகட்டை வலப்பக்கம் தள்ளி எடு, பிறகு கணினியில் வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள். அவ்வளவுதான் யோசனை. அவர் சொன்ன காரணம் எண்ணிக்கை சார்ந்தது: 12 பிட் கோப்பில் இருக்கும் 4,096 படிகளில் பாதி, அதாவது 2,048 படிகள், மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடுகின்றன. அடுத்ததற்கு 1,024, அதற்கடுத்து 512 என்று இருட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் காரணம் பாதி சரி. படிகளைவிட முக்கியம் துளிகளின் எண்ணிக்கை என்று சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர் எமில் மார்ட்டினெக் சில ஆண்டுகளில் விளக்கமாக எழுதினார். காரணம் மாறினாலும் செய்முறை மாறவில்லை. நிறையச் சேர்த்துக்கொள், பிறகு குறைத்துக்கொள்.

நிபந்தனைகள் உண்டு. கேமராவில் ரா கோப்பாக எடுக்க வேண்டும், ஜேபெக் இந்த இறக்கத்தைத் தாங்காது. இன்னொன்று, வலப்பக்கம் தள்ளுவது ஷட்டராலோ துவாரத்தாலோ நடக்க வேண்டும். வெளிச்சம் கூடாமல் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றி முகட்டை நகர்த்தினால் வரைபடம் அழகாக இருக்கும், படத்துக்குக் கிடைப்பது சொற்பம். வெறுங்கை முழம் போடுமா?

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த ஓர் இடம் இருக்கிறது. இந்த முறையில் ஒரு கருத்த முகத்தை எடுக்கும்போது கேமராவின் திரையில் அது வெளுத்துத் தெரியும். அப்படியே விட்டால் அது கல்யாண ஆல்பங்களின் 'பளிச்' மாதிரிதான் இருக்கும். ஆனால் திசை வேறு. இங்கே முதலில் நிறைய வெளிச்சம் சேர்க்கிறோம், பிறகு அவருடைய சொந்த நிறத்துக்கு இறக்குகிறோம். அங்கே முதலில் இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு இல்லாத வெளிச்சத்தை ஏற்றுகிறார்கள். ஏற்றும்போது இரைச்சலும் மேலே வருகிறது. அதை மறைக்க வழித்துத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் தோல் பிளாஸ்டிக்காகிறது. இரண்டு வேலைக்கும் மென்பொருளில் ஒரே பொத்தான்தான். ஒருவர் இடப்பக்கம் இழுக்கிறார், ஒருவர் வலப்பக்கம் இழுக்கிறார். கருப்பைக் கருப்பாகக் காட்டத்தான் நிறைய வெளிச்சம் வேண்டியிருக்கிறது.

*

கேமராக்களுக்கு இந்தப் பார்வைக் குறைபாடு சும்மா வந்ததில்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். மாடல்கள் மாறினாலும் அட்டைக்கு ஷெர்லி என்ற பெயரே நிலைத்தது. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் வருகிறது. கருப்பு, பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும்படி கோடாக் ஃபிலிமைத் திருத்தியதற்குப் பின்னால் சாக்லெட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் இருந்தன. பால் சாக்லெட்டும் கருப்புச் சாக்லெட்டும் விளம்பரத்தில் ஒன்றுபோலத் தெரிகிறது என்று முறையிட்டவர்கள் அவர்கள். மனிதர்களுக்காக வராத திருத்தம் மேசை நாற்காலிக்காக வந்தது.

1970-இல் அமெரிக்காவில் போலராய்ட் நிறுவனத்தில் வேலை செய்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் இருவரும், தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு கருப்பின மக்கள்மேல் திணித்த பாஸ் புத்தகங்களுக்குத் தங்கள் நிறுவனத்தின் கேமராவே படம் எடுக்கிறது என்று கண்டுபிடித்துப் போராடினார்கள். நிறுவனம் 1977-இல்தான் அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. கருத்த முகத்தைத் துல்லியமாக எடுக்க வேண்டிய தேவை கண்காணிப்புக்கு முதலில் வந்திருக்கிறது, குடும்ப ஆல்பத்துக்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய ஐசிதான் நினைவுக்கு வந்தது. மலாயாவில் 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் பிரிட்டிஷ் அரசு 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாளக் கார்டைக் கட்டாயமாக்கியது. படமும் கட்டைவிரல் ரேகையும் இருந்த அந்தக் கார்டு கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறியக் கொண்டுவரப்பட்டது. தோட்டத்து லயங்களில் இருந்த எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமரா முன்னால் நின்றது அப்போதாகத்தான் இருக்க வேண்டும். பலருக்குக் கடைசி முறையும் அதுவாக இருந்திருக்கலாம்.

இன்றைக்கும் நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் முதலில் தேடுவது ஐசியைத்தான். அதிலிருக்கும் கட்டைவிரல் அகலப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போடுகிறோம், நாளிதழில் நினைவஞ்சலி கொடுக்கிறோம். ஐசி பிறகு நம்மிடம் இருக்காது. இறப்பைப் பதியும்போது பதிவு இலாகாவில் ஒப்படைத்துவிட வேண்டும்.

*

என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். நல்ல கருப்பு. கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. 2019-இல் இறந்தார். ஐசி படம் தெளிவாக இல்லை என்று மாமா தன் கைபேசியில் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த படத்தைக் கொடுத்தார். இரவு, மண்டபத்தின் கடைசி வரிசை, தாத்தாவுக்குப் பின்னால் டியூப்லைட். முகம் வெறும் புள்ளிக் கூட்டம். கிள்ளானில் ஒரு கடையில் அன்றைக்கே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். சுறுசுறுப்பான வேலை. இரைச்சலை வழித்திருந்தார்கள், முகத்தை ஏற்றியிருந்தார்கள்.

இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு எது புள்ளி, எது தழும்பு என்று தெரியாது. இரண்டும் அதற்குச் சின்னச் சின்ன நிற மாற்றங்கள்தாம். தாத்தாவின் அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. ரோஜா நிறத்தில் வழுவழுவென்று ஒருவர் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். பாட்டி அழுகையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு இது? தொரை மாதிரில்ல இருக்காரு."

தாத்தா இருபது வருஷம் அதிகாலைப் பிரட்டுக்கு நின்றது அந்தத் துரைமார்களுக்கு முன்னால்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டியும் சிரித்தார். படம் அப்படியே மாட்டப்பட்டது, இப்போதும் அதுதான் இருக்கிறது. வேறு படம் இல்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் பாட்டி சொன்னார்: "என்னைய எடுக்குறப்போ என் நெறத்துலயே எடுத்து வச்சிருடா."

அதைத்தான் செய்தேன். கிள்ளான் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்து ஜன்னல், காலை பத்து மணி. நேர் வெயில் விழாது, ஆனால் வானத்து வெளிச்சம் நிறைய வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன், நிழல் விழும் கன்னத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரட்டும் என்று. கேமரா முக்காலியில். ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 4. கேமரா சொன்ன அளவுக்கு மேல் ஒன்றே கால் ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாக ஏற்றினேன். அதற்கு மேல் போனால் நெற்றியில் திருநீறு வெடித்தது. வெளிச்சம் இரண்டரை மடங்கு, இரைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஷட்டர் மெதுவாகிவிட்டதால் பாட்டி அசையாமல் இருக்க வேண்டும். அவருக்கு அது சிரமமே இல்லை. ஐசி காலத்துப் பழக்கம்.

பின்பக்கத் திரையைக் காட்டினேன். "என்னாடா, பவுடர அப்பி வச்சிருக்க?"

"இருங்க பாட்டி, இது மாவுதான். இட்லி இன்னும் வேகல."

கணினியில் ஏற்றி, ஏற்றிய அளவுக்கு இறக்கினேன். முதலில் நிறம் வந்தது: வெறும் கருப்பு இல்லை, அதில் செம்மண் இருந்தது, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஊதா இருந்தது. பிறகு மூக்குத்தி போட்டிருந்த பழைய துளை, உதட்டோர மயிர், கழுத்தில் சங்கிலி தேய்த்த தடம். எதையும் வழிக்கவில்லை. வழிக்க வேண்டியது எதுவும் இல்லை.

பாட்டி மடிக்கணினிக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எங்கம்மா மாதிரி இருக்கு" என்றார். கொள்ளுப்பாட்டிக்குப் படம் கிடையாது. இருந்த ஒன்றும் ஐசியோடு போய்விட்டது.

*

ஜன்னலோரத்தில் எடுபடுவது வீதியில் எடுபடாது. தைப்பூசத்தையொட்டிய இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும்போது நின்று எடுத்துப் பாருங்கள். ரதத்தில் கண்ணைப் பறிக்கும் விளக்கு, கீழே கருங்கடலாக ஜனம். நடந்து வருபவர் மங்காமல் இருக்க ஷட்டர் குறைந்தது 125-இல் ஒரு நொடியாவது வேண்டும், ஆகவே நேரத்தைக் கூட்ட முடியாது. வலப்பக்கம் தள்ளினால் வெள்ளிப் பால்குடமும் திருநீறும் வெடிக்கும். வெடித்துப்போன வெள்ளை திரும்பி வராது. டின் நிரம்பி வழிந்துவிட்டது, வழிந்ததை எண்ண முடியாது. இரைச்சல் அப்படியில்லை, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதற்குள் முகம் இருக்கும்.

அதனால் எதை இழக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வேன். ரத விளக்கு வெடிக்கட்டும், கடை போர்டு வெடிக்கட்டும். திருநீற்றுப் பட்டை மூன்றும் மூன்றாகத் தெரிய வேண்டும். அதுதான் என் எல்லைக்கோடு. பிறகு இடம் பார்த்து நிற்பேன். தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் வெள்ளை விளக்குக்கு எதிரே நின்றால் வருகிறவர் முகத்தில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கும். எந்த மென்பொருளாலும் தர முடியாத சுத்தம் அது.

அசையாத பொருளுக்கு இன்னொரு வழி உண்டு: ஒரே படத்தைப் பலமுறை எடுத்துச் சராசரி பார்ப்பது. 16 படத்தைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். ஹப்பிள் தொலைநோக்கி 1995 டிசம்பரில் பத்து நாள் வானத்தின் ஒரே துளி இடத்தை 342 முறை எடுத்துச் சேர்த்தது இப்படித்தான். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தை இரவில் இப்படி எடுக்கலாம், கோபுரம் நகராது. நம் கைபேசிகள் இருட்டில் சத்தமில்லாமல் செய்வதும் இதுதான், வேண்டுமென்றே இருட்டாகப் பல படங்களை எடுத்து அடுக்கும். கூகுள் 2021-இல் தன் பிக்செல் கைபேசியில் கருத்த தோலை அதன் நிறத்திலேயே காட்டப்போவதாகச் சொல்லி ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஷெர்லியிலிருந்து அங்கே வந்துசேர எத்தனை பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் கேமராவின் தலையில் கட்டிவிட முடியாது. பிரிக்பீல்ட்ஸில் பூமாலை கட்டும் ஓர் அக்காவை ஒரு தீபாவளி சமயத்தில் எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எடு தம்பி, ஆனா கொஞ்சம் வெளுப்பா எடு" என்றார். நல்ல படம் அது. மல்லிகை வெடிக்காமல், கைவிரலில் நார் அறுத்த கீறல் தெரியும்படி, அவருடைய நிறத்தில் வந்திருந்தது. 4ஆர் அளவில் இரண்டு பிரதி போட்டு எடுத்துப் போனேன். ஒன்று அப்படியே, இன்னொன்று அவர் கேட்ட மாதிரி ஒரு ஸ்டாப் ஏற்றியது. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வெளுத்ததை எடுத்துக்கொண்டார்.

"அதுவும் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அதுல நான் வேல செய்யுற மாதிரி இருக்கு."

அவர் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். அவர் கேட்டது வேலை செய்யாத ஒரு படம். வெயிலில் நிற்காத, சாக்கடை ஓரம் உட்காராத, இரண்டு கையும் மடியில் இருக்கும் ஒரு படம். நம் ஊரில் வெளுப்பு என்பது நிறத்தின் பெயர் மட்டுமில்லை, ஓய்வின் பெயரும்தான் போலிருக்கிறது. ஷெர்லி அட்டையைப் பற்றியெல்லாம் அவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? அவர் படம், அவர் விருப்பம். ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் கையில் இருக்கும் வெளுத்த பிரதியிலும் விரல் கீறல்கள் தெரியும். நிறைய வெளிச்சம் சேர்த்து எடுத்த படத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் ஆள் காணாமல் போவதில்லை. கொஞ்சமாகச் சேர்த்து எடுத்த படத்தில்தான் அந்தத் தேர்வே கிடையாது. தாத்தாவுக்கு நடந்தது அதுதான்.

*

தோட்டங்கள் போய்விட்டன. காப்பார் பக்கம் தாத்தா இருந்த லயம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைக் கிடங்கு நிற்கிறது. அங்கே பிறந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் ஷா ஆலமிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் படங்கள் பெரும்பாலும் கல்யாண வீட்டுக் கடைசி வரிசைப் படங்கள்தான்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பெரிய கேமரா தேவையில்லை. கைபேசியில் புரோ என்று ஒரு பகுதி இருக்கும், அதில் ரா கோப்பைத் திறந்துவிடுங்கள். காலையில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார வையுங்கள், விளக்கு எரிந்தால் இரண்டு நிறம் கலந்துவிடும். கைபேசியைச் சாய்த்து வைக்க நாலு புத்தகம் போதும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சக் குறியை மேலே தள்ளுங்கள். வேட்டியோ திருநீறோ வெறும் வெள்ளையாகும் வரை தள்ளிவிட்டு, கொஞ்சம் திரும்பி வாருங்கள். எடுங்கள். அழகாக்கும் வசதி எதையும் தொடாதீர்கள். பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் முகத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி இறக்குங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்வார்.